சாயம் பிடிக்கும் கை

அய்யம்பாறையில் ஒரு வியாழக்கிழமை காலை, மில்லில் எட்டு மணிச் சங்கு ஊதியதற்கும் எட்டரை மணி பஸ் வந்து நின்றதற்கும் நடுவில், நூற்று அறுபத்து மூன்று பேருக்குத் தலைமுடி வெளுத்துப்போனது. நரை என்றால் காதோரத்தில் தொடங்கும், ஒன்றிரண்டாக வரும், கண்ணாடி முன்னால் நிற்பவருக்கு வருத்தப்பட அவகாசம் கொடுக்கும். இது அப்படி வரவில்லை. வகிட்டில் சீப்பை வைக்கும்போது கறுப்பாக இருந்த முடி நுனிக்கு இழுத்து முடிக்கும்போது வெள்ளையாக இருந்தது. மில் மேனேஜர் கனகசபைக்கு ஷேவ் செய்துகொண்டிருந்தபோது மீசையோடு சேர்த்து வெளுத்தது. வேன் டிரைவர் சடையப்பனுக்கு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெளுத்தது. டீ மாஸ்டருக்கு, கம்பவுண்டருக்கு, தெற்குத் தோட்டத்துக் கிணற்றுக்காரருக்கு, அந்தக் கிணற்று மேட்டில் ஆடு மேய்க்கும் அண்ணன் தம்பிக்கு, அவர்கள் மனைவிமாருக்கு, சுடுகாட்டில் விறகு அடுக்கியவருக்கு, மில் ஹாஸ்டலில் இருந்த எண்பத்து நான்கு பெண்களுக்கு, அவர்களுக்குச் சோறு வடித்த இரண்டு பேருக்கு, கடைசியில் அந்த ஹாஸ்டலின் வார்டன் திலகவதிக்கு.

முதல் நாள் எல்லோரும் தண்ணீரைக் குறை சொன்னார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். ஆனால் ஒரே குழாயில் பிடித்த தண்ணீரைக் குடித்த வீட்டில் புருஷனுக்கு வெளுத்து மனைவிக்கு வெளுக்காமல் இருந்தது, எதிர்வீட்டில் கிழவருக்குக் கறுப்பாகவே இருந்து பேரனுக்கு வெளுத்திருந்தது. மத்தியானத்துக்குள் ஒருவர் தலையை ஒருவர் பார்த்து, யார் யாருக்கு என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்து, வெளுத்தவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் காரணம் கேட்கவில்லை. தண்ணீர்ப் பரிசோதனை முடிவைக் கேட்கவும் யாரும் போகவில்லை.

அவர்களுக்குத் தெரிந்திருந்தது இதுதான். கடலாடிப் பக்கத்திலிருந்து மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மில் வேலைக்கு வந்த முனீஸ்வரி என்ற பதினெட்டு வயதுப் பெண், ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார் இல்லாமல், முந்தின வெள்ளிக்கிழமை ஹாஸ்டல் சிக் ரூமில் செத்துப்போனாள். செத்த பிறகு அவளைத் தெற்குத் தோட்டத்துக் கிணற்றில் போட்டார்கள். சனிக்கிழமை எடுத்தார்கள். யாரையோ காதலித்துக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை தாய் வந்து இறங்குவதற்குள் எரித்தும் முடித்துவிட்டார்கள். இதைச் செய்தவர்கள் ஆறேழு பேர். பார்த்தவர்கள், கேட்டவர்கள், ஊகித்துவிட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் எல்லாம் சேர்ந்து நூற்று அறுபத்து மூன்று.

திலகவதிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. புருஷன் லாரி விபத்தில் போனபோது மகள் சங்கவிக்கு நான்கு வயது. மில்தான் வார்டன் வேலையும் காம்பவுண்டுக்குள் இரண்டு அறை குவார்ட்டர்ஸும் கொடுத்தது. பதினேழு வருஷமாக அவள் அந்த ஹாஸ்டலின் சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தவள். மகளை மதுரையில் ஹாஸ்டலில் சேர்த்து பி.எஸ்ஸி. வரை படிக்க வைத்தாள். மில் ஹாஸ்டலில் இருப்பதுபோல் அந்த மதுரை ஹாஸ்டல் ஜன்னல்களில் கம்பி வலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகே சேர்த்தாள். அடுத்த மாதம் சங்கவிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கண்ணியமானவர்கள், விருதுநகர்ப் பக்கம்.

வெளுத்த தலையோடு ஊர் எப்படி வாழ்ந்தது என்று கேட்டால், சிரமம் இல்லாமல் வாழ்ந்தது. ஹாஸ்டல் பெண்களைப் பற்றிக் கவலையே இருக்கவில்லை. நூல் ஓடும் கூடத்தில் எந்நேரமும் பஞ்சு பறந்து அவர்கள் தலையில் படிந்திருக்கும், பார்க்க வருகிற எவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆண்களில் சிலர் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாளே மண்டையில் உப்புத் தூவியதுபோல் முளைத்தது. மற்றவர்கள் மாடர்ன் சலூனுக்குப் போனார்கள். ஆனால் சலூன்காரருக்கே தலை வெளுத்திருந்தது. அவர் பூசிய கறுப்பு, துண்டால் துடைக்கும்போதே துண்டோடு வந்தது. வெளுத்தவர்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் பூசிக்கொண்டபோதும் அப்படித்தான், நெற்றியில் வழிந்தது, தலையணையில் ஒட்டியது, முடியில் மட்டும் நிற்கவில்லை. ஒரு வாரம் இப்படிப் போராடிய பிறகுதான், விஷயம் தெரியாதவர் கை பட்டால்தான் சாயம் பிடிக்கிறது என்று ஊருக்கு விளங்கியது.

சாயம் போடத் தெரிந்தவர்களில் விஷயம் தெரியாதவள் ஒருத்திதான் இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பார்லர் வைத்திருந்த ஸ்டெல்லா, தலைப்பிரசவத்துக்குத் திண்டுக்கல்லில் தாய்வீட்டுக்குப் போனவள், எல்லாம் நடந்து முடிந்த பிறகு மூன்று மாதக் குழந்தையோடு திரும்பி வந்திருந்தாள். அவள் வந்து ஷட்டரைத் தூக்கிய அன்று மாடிப்படி முழுக்க ஆள் நின்றது.

அன்றிலிருந்து அந்த ஊர் ஸ்டெல்லாவைப் பாதுகாத்த மாதிரி வேறெதையும் பாதுகாத்ததில்லை. அவள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். அவளுக்குப் பேப்பர் போடுவதை நிறுத்தினார்கள். மளிகை மேலே போய்விடும், பால் மேலே போய்விடும், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு அவளைக் கூட்டிப்போகவும் திரும்பக் கொண்டுவந்து விடவும் ஆள் இருந்தது. "இந்த ஊர்த் தண்ணிக்கு இப்படி ஆயிருச்சும்மா" என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஸ்டெல்லா நம்பினாள், தன் குழந்தைக்குக் கேன் தண்ணீர் வாங்கினாள்.

அவளிடம் என்னென்ன கலர் வகைகள் உண்டு என்று பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை இருந்தது. அய்யம்பாறை அந்த அட்டையை மனப்பாடம் செய்தது. டீக்கடையில், கூட்டுறவு சங்கத்தில், மில் கேட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. வேரில் மட்டும் தொடுவதா, தலை முழுக்கவா. அம்மோனியா உள்ளது நிற்குமா, இல்லாதது நிற்குமா. மருதாணியும் அவுரியும் இரண்டு தவணையாகப் போட்டால் நாலு மணி நேரம் உட்கார வேண்டும் என்றாலும் அசல் போல இருக்கிறதே. அதிகக் கறுப்பு சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதா. சடையப்பன் அட்டைக் கறுப்புப் போட்டுக்கொண்டு காக்காய் மாதிரித் திரிந்தான். கம்பவுண்டர் காப்பிக்கொட்டைப் பழுப்பு. மேனேஜர் கனகசபை வக்கீலைக் கேட்டுவிட்டு வந்து, மேலே கறுப்பும் கிருதாவில் நாலு இழை வெள்ளையும் விட்டுப் போடச் சொன்னார். வயதுக்குத் தகுந்த மாதிரி இருக்குமாம். அதுவரை கோவில் தேருக்கு அலங்காரம் என்ன என்று அடித்துக்கொண்ட ஊர், எந்தப் பழுப்பு யாருக்கு என்று நாளெல்லாம் பேசியது. பேச அது ஒன்று கிடைத்ததில் எல்லோருக்குமே ஆறுதல் இருந்தது.

இத்தனை அவசரத்துக்குக் காரணம், முனீஸ்வரியின் தாய் பேச்சியம்மாள் கலெக்டரிடம் மனு கொடுத்திருந்ததுதான். ஆர்.டி.ஓ. விசாரணைக்கு நாள் குறித்திருந்தது. விசாரணைக்கு வருகிறவர் ஊர் முழுக்க வெள்ளைத்தலையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏதாவது கேட்டுவைப்பார் என்பது பயம்.

திலகவதி மூன்றாவது வாரம் வரை பார்லருக்குப் போகவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு நடந்தாள். கடைசியில் மேனேஜர் ஆள் அனுப்பினார். ஒரு புதன்கிழமை காலை அவள் படியேறினாள்.

"அக்காவுக்கு என்ன போடலாம்?" என்று ஸ்டெல்லா அட்டையை நீட்டினாள். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "வேர் மட்டும்னா பத்து நாளைக்கு ஒரு தடவை வரணும். முழுசாப் போட்டுட்டா நிம்மதி. ஆனா நீங்க சிவப்பு. அட்டைக் கறுப்பு போட்டா மூஞ்சி இருண்டுரும். டார்க் பிரவுன் போட்டுப் பாக்கலாமா?"

திலகவதி அட்டையைப் பார்த்தாள். சாயமேற்றிய சின்னச் சின்ன முடிக்கற்றைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. எதைத் தொட்டாலும் அது முனீஸ்வரியின் பின்னலின் நுனிபோல இருந்தது.

"எது வேணாலும் போடும்மா."

"அப்படிச் சொல்லக் கூடாதுக்கா. உங்க தலை, நீங்கதான் பிடிச்சதா எடுக்கணும்."

அவள் பழுப்பைக் காட்டினாள். பாதித் தலைக்குப் பூசி, கிளிப் போட்டு, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் மஞ்சள் பையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கறுத்து மெலிந்த உடம்பு, நெற்றியில் ஒன்றும் இல்லை, அள்ளி முடிந்த தலை சுத்தக் கறுப்பு.

"தாயி, குடிக்கத் தண்ணி தருவியா? கீழ எந்தக் கடையிலயும் தண்ணி இல்லங்குறாக."

திலகவதிக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் மகளைக் கொண்டுவந்து விட்டபோது இதே குரல்தான், "பனி ஒத்துக்காது தாயி அவளுக்கு, சளி புடிச்சுக்கிரும், பாத்துக்க" என்று சொன்னது. அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். தாள் சுற்றிய தலை, நெற்றியில் வழிந்த பழுப்பு. அடையாளம் தெரியாது.

ஸ்டெல்லா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "எந்த ஊருங்கம்மா?"

"கடலாடிப் பக்கம். எம்மக இங்க மில்லுல வேல பாத்தா. கெணத்துல விழுந்து செத்துட்டான்னு எரிச்சுப்புட்டாக." பேச்சியம்மாள் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். "எங்கூர்ல கெணறு கெடையாது தாயி. கண்மாய்தான். அவ ஆயுசுல கெணத்த எட்டிப் பாத்ததில்ல, பயப்படுவா. விழுகுறவ ஊர்க்கோடில இருக்க கெணத்தத் தேடிப் போயா விழுவா? அதத்தான் ஒவ்வொருத்தர்ட்டயும் கேக்குறேன். ஒருத்தரும் பேச மாட்டேங்குறாக. அந்த வார்டனம்மா இங்க வந்துருக்காகன்னு பஸ்டாண்டுல சொன்னாக."

ஸ்டெல்லா திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். திலகவதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாதவள் என்றாலும் ஸ்டெல்லாவுக்கு என்ன தோன்றியதோ, "போயிட்டாங்கம்மா" என்றாள்.

பேச்சியம்மாள் தொட்டிலைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகு ஸ்டெல்லா கேட்டாள். "யாருக்கா அந்தப் பொண்ணு? என்ன ஆச்சு?"

"காதல் விவகாரம்ங்கறாங்க. எனக்குச் சரியாத் தெரியாது."

"பாவம்" என்றாள் ஸ்டெல்லா. நம்பிவிட்டாள். மீதித் தலைக்கும் பூசினாள். சாயம் நன்றாகப் பிடித்தது.

சங்கவி மறுநாள் மதுரையிலிருந்து வந்தாள். புடவை எடுக்க வேண்டும், பிளவுஸ் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று பட்டியலோடு வந்தாள். "என்னம்மா, கலரெல்லாம் போட்டு சின்னப்புள்ள மாதிரி ஆயிட்டே" என்று சிரித்தாள். திலகவதியும் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் கனகசபை குவார்ட்டர்ஸுக்கு வந்தார். சங்கவி உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை விசாரணை. நாலு வரிக்கு மேல நீங்க பேச வேண்டாம் திலகவதிம்மா. வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலைல பாத்தா ஆளக் காணோம். அவ்வளவுதான்."

"சிக் ரூம் கதவப் பத்திக் கேட்டா?"

"எந்தக் கதவு?"

"வெளியில பூட்டியிருந்த கதவு. நான்தான சார் பூட்டுனேன். வெளிநாட்டுக்காரங்க மில்லப் பாக்க வர்றாங்க, யார் கண்ணுலயும் நோயாளி படக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. மூணு மணிக்குத் திறக்கும்போது…"

"எந்தக் கதவுன்னு கேட்டேன்." அவர் குரல் உயரவில்லை. "பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கீங்க. இந்த வீட்டுல இருக்கீங்க. மெதுவா யோசிச்சுப் பாருங்க, அப்படி ஒரு கதவே ஹாஸ்டல்ல கிடையாது. நேத்துதான் செங்கல் வெச்சு அடைச்சுப் பூசியாச்சு."

சங்கவி தட்டில் இரண்டு டம்ளரோடு வந்தாள். இடுப்பு வரை தொங்கிய அவளுடைய பின்னல் உச்சியிலிருந்து நுனி வரை வெள்ளையாக இருந்தது. மேனேஜர் அவள் தலையைப் பார்த்தார். டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"ஸ்டெல்லா நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குத் திறந்துரும்மா" என்றார். காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனார்.

திலகவதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் அழுவாள், கத்துவாள், இப்படியா செய்தாய் என்று கேட்பாள் என்று காத்திருந்தாள். கேட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். சங்கவி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, அதை மெதுவாக அவிழ்த்துப் பார்த்தாள்.

"எனக்கு எந்தக் கலர்மா நல்லாருக்கும்?" என்றாள்.

"சங்கவி…"

"நீ ஒண்ணும் பேசாத. செத்தவ செத்துட்டா. நீ பேசினா உன்னத்தான் முதல்ல பிடிச்சுட்டுப் போவாங்க, பூட்டுனது நீ. அந்த வீட்டுல என்னை என்ன நினைப்பாங்க? எனக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்கும்மா."

சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தாயும் மகளும் பார்லர் படியேறினார்கள். இருபத்தொரு வயசுத் தலையை இப்படிப் பார்த்து ஸ்டெல்லா வாயில் கை வைத்தாள்.

"என்னக்கா இது, இந்தப் பிள்ளைக்குமா? இவ இந்த ஊர்த் தண்ணியே குடிக்கலையே, மதுரைல இல்ல இருக்கா?" பிறகு தன் வேலையை நினைத்துக்கொண்டு அட்டையை எடுத்தாள். "கவலப்படாத பாப்பா. கல்யாணப் பொண்ணுக்குப் போடுற மாதிரி போட்டுருவோம். அடியில கறுப்பு, மேல லேசா செம்பட்ட ஓட விட்டா வெயில்ல சும்மா மின்னும். இல்ல, மருதாணியும் அவுரியும் போட்டா அசல் முடி மாதிரி, ஒரு குறையும் தெரியாது. ஆனா நாலு மணி நேரம் ஆகும்."

"செம்பட்டை வேண்டாம்" என்றாள் சங்கவி. "அவங்க வீட்டுல பிடிக்காது. எது ரொம்ப நாள் நிக்கும்?"

"அவுரி நிக்கும்."

"எவ்வளவு நாள்?"

"தொடர்ந்து போட்டுட்டே இருந்தா எப்பவுமே நிக்கும் பாப்பா. மாசத்துக்கு ஒரு நாள் இப்படி உக்காரணும், அவ்வளவுதான். வாழ்க்க பூராத்தான்."

சங்கவி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத் திலகவதி கண்ணாடியில் பார்த்தாள். சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது, வலிக்காது என்று அம்மா சொன்னதை நம்பி ஆட்டிய அதே தலை. மாசத்துக்கு ஒரு நாள், அறுபது வருஷம், மகள் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு விஷயம் தெரியாத பெண்ணின் முன்னால் இப்படி உட்கார்ந்து ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஸ்டெல்லா வெந்நீரில் குழைத்த பச்சை மாவை எடுத்து முதல் வகிட்டில் தடவினாள். இரண்டாவது வகிட்டில் தடவினாள்.

"ஸ்டெல்லா" என்றாள் திலகவதி. "அந்தப் பொண்ணு கிணத்துல விழல."

"அம்மா!" சங்கவி நாற்காலியில் திரும்பினாள். "வாய மூடு. உன்னக் கும்பிடுறேன், வாய மூடும்மா."

திலகவதி மூடவில்லை. காய்ச்சல், பூட்டு, வேன், கிணறு, சுடுகாடு, எல்லாவற்றையும் சொன்னாள். யார் யார் என்று பேர் சொன்னாள். ஸ்டெல்லா கையில் மாவோடு அப்படியே நின்றாள். மூன்று வாரமாகத் தான் தொட்ட தலைகள் ஒவ்வொன்றும் அவள் விரல்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணி கேட்டு வந்தாங்களே. அன்னிக்கு இதே நாற்காலியில நீங்கதானக்கா உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

ஸ்டெல்லா தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் படியிறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் ஸ்டாண்டில் மூன்று நாளாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளிடம் போய்ச் சொன்னாள். மாடியிலிருந்து பார்த்த திலகவதிக்கு அவள் தலை தெரிந்தது. கறுப்பாகவே இருந்தது. வெளுப்பதற்கு அவள் நேரம் கொடுக்கவில்லை.

சங்கவி குழாயைத் திறந்து தானே தலையை அலசினாள். பச்சைத் தண்ணீர் போய், வெள்ளை முடி மறுபடி வந்தது. துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டாள். "உனக்கு ஊராம் பெத்த பிள்ளதான் பெருசு" என்றாள். "நான் இனி இங்க வரமாட்டேன்." பதினொரு மணி மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டாள். மதுரையில் விஷயம் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவளுக்குச் சாயம் நன்றாகப் பிடித்திருக்கும். நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நடந்தது, மாப்பிள்ளை வீட்டிலேயே, அத்தை முறைக்காரி ஒருத்தி தாய் ஸ்தானத்தில் நின்று. திலகவதிக்குச் செய்தி போட்டோவாக வந்தது. போட்டோவில் சங்கவிக்கு முடி கருகருவென்று இருந்தது.

ஊர் கொஞ்ச நேரம்தான் கலங்கியது. ஸ்டெல்லாவின் போர்டை மத்தியானமே இறக்கினார்கள். சாயங்காலத்துக்குள் அவள் வீட்டுச் சாமான் ஒரு மினி லாரியில் ஏறியது. ஏற்றியவர்கள் எல்லாம் அவள் கையால் கறுத்தவர்கள், அவள் முகத்தைப் பார்க்காமல் ஏற்றினார்கள். அவள் உண்மையைத் தெரிந்துகொண்ட நேரத்திலிருந்து அவள் போட்ட சாயமெல்லாம் ஊர் முழுக்க வழியத் தொடங்கியிருந்தது. மேனேஜர் கலங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வெளியூரிலிருந்து ஒரு வேனில் நான்கு பெண்கள் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். மில் கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டு, ஊரே குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றது. வந்த பெண்கள் புதுப்புது வகை அட்டைகள் கொண்டுவந்திருந்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் எல்லோரும் திருவிழாவுக்குத் தயாரானவர்கள்போல இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை நடந்தது. ஆர்.டி.ஓ. இளவயதுக்காரர், பொறுமையாகத்தான் கேட்டார். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். கறுப்பும் பழுப்பும் தவிட்டு நிறமுமாக ஒருவர் பின் ஒருவராக வந்து, கிணறு, காதல், தற்கொலை என்று ஒரே மாதிரி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த முப்பத்தெட்டில் ஆறு பேர், மில்லிலிருந்து கூட்டி வந்த ஹாஸ்டல் பெண்கள். அவர்களும் சொன்னார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு.

கடைசியில் திலகவதி எழுந்தாள். அவளுடைய பழுப்பு சனிக்கிழமையே முழுக்க வழிந்துபோய்விட்டது, அவள் மறுபடி பூசிக்கொள்ளவில்லை. வெள்ளைத் தலையோடு நின்று, பூட்டியது நான், சாவி என் இடுப்பில் இருந்தது என்று சொன்னாள்.

"உங்க வயசு என்னம்மா?"

"நாப்பத்தி நாலு."

ஆர்.டி.ஓ. அவள் தலையைப் பார்த்தார். ஆதார் கார்டில் இருந்த கறுத்த தலைப் போட்டோவைப் பார்த்தார். மேனேஜர் எழுந்து பணிவாக, அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக மனநிலை சரியில்லை, மகளும் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றார். பூட்டியதாகச் சொல்லும் கதவைப் பார்க்க ஒரு ஆளை அனுப்பினார்கள். அவர் போய்விட்டு வந்து, அங்கே சுவர்தான் இருக்கிறது என்றார். முப்பத்தெட்டுக்கு ஒன்று. எழுத வேண்டியதை ஆர்.டி.ஓ. எழுதினார், எழுதும்போது இரண்டு தடவை நிறுத்தினார், பிறகு எழுதி முடித்தார்.

எல்லோரும் போன பிறகு வராந்தாவில் இருந்த பெஞ்சில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். திலகவதி அவள் முன்னால் போய் நின்றாள். சொன்ன பிறகு முடி கறுக்கும் என்று அவளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. வாசல் கண்ணாடிக் கதவில் பார்த்தாள். கறுக்கவில்லை.

அவள் பேச்சியம்மாளின் காலைத் தொடக் குனிந்தாள். பேச்சியம்மாள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அது வேணாம். இங்கன உக்காரு" என்று பெஞ்சைக் காட்டினாள். "அந்தப் புள்ள குழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியாந்து சொன்னுச்சு. அது கேட்ட கதை. நீ பாத்தவ. திங்கக்கெழமையிலருந்து சொல்லு. ஒண்ணும் விடாம."

திலகவதி உட்கார்ந்து சொன்னாள். திங்கட்கிழமை காய்ச்சல் என்று வந்தாள், மாத்திரை கொடுத்து ஷிஃப்டுக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை மிஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தாள், இரண்டு பெண்கள் தூக்கி வந்தார்கள். புதன்கிழமை அம்மாவிடம் பேச வேண்டும் என்று கேட்டாள், ஞாயிற்றுக்கிழமைதான் போன் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை உடம்பு அனலாய்க் கொதித்தது, மேனேஜரிடம் போய் வேன் கேட்டேன், நாளைக்கு வெளிநாட்டுப் பார்ட்டி வந்துவிட்டுப் போகட்டும் என்றார், சரி என்று வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பூட்டினேன்.

"பத்து மணிக்குப் பேசுனாளா?"

"வார்டனம்மா, பூட்டாதீங்கன்னு சொன்னா."

"நீ?"

"கொஞ்ச நேரந்தான், சத்தம் போடக் கூடாதுன்னு சொன்னேன்."

ஆபீஸ் ஜன்னல்களை உள்ளிருந்து ஒருவர் சாத்திக்கொண்டு வந்தார்.

"சத்தம் போட்டாளா?"

யாரிடமும் திலகவதி சொல்லாதது அது ஒன்றுதான். ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை, ஆர்.டி.ஓ.விடம் சொல்லவில்லை. "கதவத் தட்டுனா. அந்த வெளிநாட்டுக்காரங்க சாப்பிட்டுட்டு இருந்தாங்க, நான் நடைபாதையில நின்னுட்டு இருந்தேன். எனக்குக் கேட்டுச்சு."

"எத்தன தடவ?"

"பதினொரு தடவ."

பேச்சியம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையை மடக்கி, இருவருக்கும் நடுவில் இருந்த பெஞ்சுப் பலகையில் ஒரு தட்டு தட்டினாள்.

"இப்பிடியா?"

"இல்ல. இன்னும் மெதுவா."

அவள் இன்னும் மெதுவாகத் தட்டினாள்.

"இன்னும்" என்றாள் திலகவதி.